பூங்கொத்து ஓவியத்துக்கு விலை சொல்வது

எண்ணெய் வண்ணத்தில் வரைந்த பூங்கொத்து ஓவியம் ஒன்று கைக்கு வந்ததும் அதன் விலையை அறிய விரும்புகிறவர்கள் பெரும்பாலும் கையொப்பத்தை மட்டும் நெருக்கத்தில் படமெடுத்து அனுப்புகிறார்கள். லண்டனில் சிறிய ஏலக்கூடம் ஒன்றுக்குப் பட்டியல் எழுதும் எனக்கு, பூவே தெரியாத பூ ஓவியப் படங்கள் நிறைய வந்திருக்கின்றன. யார் வரைந்தது என்று தெரிந்துவிட்டால் விலை தானாகத் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கைதான் இதற்குக் காரணம். பெரிய ஓவியர்களின் விஷயத்தில் அந்த நம்பிக்கையில் ஓரளவு நியாயம் உண்டு. அலங்காரத்துக்கென்றே வரையப்பட்டு, சட்டமிட்டு, மரச்சாமான் கடைகளிலும் பரிசுப்பொருள் கடைகளிலும் விற்கப்பட்ட ஓவியங்களின் விஷயத்தில் கையொப்பம் கடைசியாகப் பார்க்க வேண்டிய ஒன்று. எதைப் பார்த்து வரைந்தார்கள், எதன்மேல் வரைந்தார்கள், எதற்காக விலை கேட்கிறீர்கள் என்ற மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு பெயரைப் படித்தால் போதும்.

லண்டனின் ஹாரோ பகுதியில் வீடு வாங்கிய யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றுக்கு அந்த வீட்டோடு ஒரு படமும் கிடைத்தது. முன்பு அங்கே குடியிருந்தவர்கள் கணப்படுப்பின் மேல் அதை அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். "தம்பி, இதை எறியிறதோ, விக்கிறதோ?" என்று அந்த வீட்டு அக்கா கேட்டார். கரும்பழுப்புப் பின்னணி, பளிங்கு மேடையின்மேல் வெண்கலத்தைப் போன்ற ஒரு பூச்சாடி, அதில் ரோஜா, துலிப், பியோனி, ஓரமாகத் தொங்கும் நீலப் பூங்கொடி, மேடையின் விளிம்பில் மூன்று முட்டைகளோடு ஒரு பறவைக்கூடு, இலைகளில் பனித்துளிகள், வலது மூலையில் இத்தாலியப் பெயர்போல் ஒலிக்கும், சிவப்பு நிறக் கையொப்பம். சுற்றிலும் கை அகலத்துக்கு மேல் பொன்னிறச் சட்டம். இந்த வகைப் படத்தைப் பார்க்காதவர்கள் இந்த நாட்டில் குறைவு. மதிப்பீடு எப்படி நடக்கிறது என்பதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான ஓவியம் கிடைக்காது என்பதால், அவர்களுடைய அனுமதியோடு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வேலை, படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, மெத்தென்ற துணியின்மேல் குப்புற வைப்பது. முன்பக்கம் பார்ப்பவருக்காகச் செய்யப்பட்டது. பின்பக்கத்தை யாரும் பார்க்கப்போவதில்லை என்று நினைத்துச் செய்திருப்பார்கள். கேன்வாஸை இழுத்துப் பிடித்திருக்கும் உள்மரச்சட்டத்தில் துணி எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் சிறு ஆணிகளால் அறைந்திருப்பார்கள். உள்சட்டத்தின் மூலைகளில், துணி தளர்ந்தால் தட்டி இறுக்குவதற்கான சிறிய மர ஆப்புகள் செருகப்பட்டிருக்கும். ஸ்டேப்பிள் கம்பிகள் பெருவழக்கானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. இதை வைத்து மட்டும் வயதைத் தீர்மானித்துவிடக் கூடாது, ஏனென்றால் பழைய கேன்வாஸ் தளர்ந்துபோய், பழுதுபார்த்தவர் புதுச் சட்டத்தில் மாற்றி ஸ்டேப்பிள் அடித்திருக்கலாம். அப்படியானால் துணியின் மடிந்த ஓரத்தில் பழைய ஆணித் துளைகள், துருக்கறையோடு, வரிசையாக இருக்கும். ஹாரோப் படத்தில் ஸ்டேப்பிள் மட்டுமே இருந்தது. துளை எதுவும் இல்லை. கம்பியில் துருவும் இல்லை.

அடுத்தது துணி. சணல்நாரைப் போன்ற ஆளி நாரில் நெய்த லினன், காற்றுப் பட்டு, காலப்போக்கில் தேன் நிறத்திலிருந்து பழுப்பாகி, தொட்டால் முறிந்துவிடும்போல் ஆகிவிடும். அந்தப் பழுப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இராது. உள்சட்டத்தின் மரம் மறைத்திருக்கும் பகுதியில் காற்றும் தூசும் குறைவாகப் பட்டிருப்பதால், மரத்தை ஒட்டி எட்டிப் பார்த்தால் அங்கே துணி வெளிறியிருக்கும். ஹாரோப் படத்தின் துணி பருத்தி. அதன் பின்பக்கம் அழகான பழுப்பு நிறத்தில் இருந்தது. மரத்தின் அடியிலும் அதே பழுப்பு, ஒரு நிழல்கூட மாறாமல். சட்டத்தில் ஏற்றுவதற்கு முன்பே சாயத்தில் தோய்த்தோ பூசியோ இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. இதை மோசடி என்று நான் சொல்லமாட்டேன். பழைய ஓவியத்தின் சாயலை விரும்பி வாங்குகிறவருக்குப் பின்பக்கமும் பழையதாகத் தோன்றட்டும் என்று கடைக்காரர் நினைத்திருப்பார், அவ்வளவுதான். மடித்த ஓரங்களில் முன்பக்கத்து அடிப்பூச்சு பளிச்சென்ற வெள்ளையாகத் தெரிந்தது. இப்படிப் பளிச்சிடும் அக்ரிலிக் அடிப்பூச்சு கடைகளுக்கு வந்தது 1950களின் நடுவில். அளந்தபோது சரியாக 50க்கு 60 சென்டிமீட்டர். பழைய இங்கிலாந்துக் கேன்வாஸ்கள் அங்குலக் கணக்கில் வரும் என்பதால் இதுவும் ஒரு சிறு குறிப்பு, ஆனால் தனியாக நின்று எதையும் நிரூபிக்காது.

பின்பக்கத்தில் கிடைக்கக்கூடிய பெரிய பரிசு, பொருள் விற்றவரின் முத்திரை. 1832இல் லண்டனில் தொடங்கிய வின்சர் அண்ட் நியூட்டன் போன்ற நிறுவனங்கள் தங்கள் பெயரையும் முகவரியையும் கேன்வாஸின் பின்புறத்தில் அச்சிட்டு விற்றன. முகவரியும் எழுத்தமைப்பும் காலத்துக்குக் காலம் மாறியதால், அந்த முத்திரையை வைத்து கேன்வாஸ் விற்கப்பட்ட ஆண்டுகளை ஓரளவு நெருங்கிவிடலாம். பழைய ஏலக்கூடங்கள் சுண்ணக்கட்டியாலோ கரியாலோ எழுதிய எண்கள், காட்சிக்கூடத்தின் ஒட்டுச்சீட்டு, சட்டம் போட்டுக்கொடுத்த கடையின் விலாசம் ஆகியவையும் அப்படித்தான். ஒட்டுச்சீட்டு பழையதாகவும் இடத்தைவிட்டு அசையாமலும் இருந்தால் அதைப் பிய்த்துவிடாதீர்கள். சுத்தம் செய்கிறேன் என்று பின்பக்கத்தைத் துடைத்து வரலாற்றையே அழித்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தத்தைவிடக் கோபம்தான் வருகிறது.

பொன்னிறச் சட்டத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். மரத்தின்மேல் வெண்பூச்சும் அதன்மேல் செம்மண் களிம்பும் பூசி, அதற்கும் மேல் தங்கத்தகடு ஒட்டிய சட்டம் என்றால், கை பட்டுத் தேய்ந்த மேடுகளில் பொன்னின் அடியிலிருந்து அந்தச் சிவப்பு எட்டிப் பார்க்கும். அச்சில் வார்த்த பிசின் சட்டம் என்றால் உடைந்த இடத்தில் வெள்ளையோ சாம்பலோ தெரியும், மூலைகளில் இலை வேலைப்பாடு ஒன்றோடொன்று பொருந்தாமல் வெட்டுப்பட்டு நிற்கும். ஹாரோப் படத்தின் சட்டம் இரண்டாம் வகை. நல்ல சட்டம் படத்தைவிட அதிக விலை போவது ஏலக்கூடங்களில் அன்றாடம் நடப்பது. இங்கே அந்த வாய்ப்பும் இல்லை.

இப்போது படத்தைத் திருப்பலாம். முதலில் அது ஓவியம்தானா, கேன்வாஸில் அச்சிட்ட படமா என்று பார்க்க வேண்டும். பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸை வைத்துப் பார்த்தால், அச்சுப் படத்தில் நிறம் நுண்ணிய புள்ளிகளாகச் சிதறித் தெரியும். தூரிகை ஓடிய தடம்போலத் தோன்றும் மேடுகள் நிறத்தோடு சம்பந்தமில்லாமல் எங்கோ ஓடும், ஏனென்றால் அவை அச்சின்மேல் பிறகு பூசிய நிறமற்ற பசையின் தடங்கள். நமது படம் கையால் வரைந்ததுதான். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தபோது ரோஜா இதழ்களின் விளிம்புகள் தடித்து எழுந்து நின்றன.

அந்த ரோஜாக்களில்தான் இந்த ஓவியத்தின் கதை முழுவதும் இருந்தது. ஏழு ரோஜாக்கள், ஏழும் ஒரே கைச்சுழற்சி. அகன்ற தட்டைத் தூரிகையின் ஒரு முனையில் வெள்ளையும் மறு முனையில் சிவப்பும் எடுத்து, நடுவிலிருந்து அரைவட்டமாக ஒரு இழுப்பு, எதிர்ப்புறம் ஒரு இழுப்பு, கீழே இரண்டு, பூ முடிந்தது. இதைச் செய்தவரின் கை லாகவம் எனக்கு வியப்பளிக்கிறது. ஆனால் அவர் ரோஜாவைப் பார்க்கவில்லை, ரோஜா வரையும் முறையைப் பழகியிருக்கிறார். முன்னோக்கி விரிந்திருந்த துலிப்புக்கு ஐந்து இதழ்கள். துலிப்புக்கு ஆறு. பியோனியின் இலையும் ரோஜாவின் இலையும் ஒரே இலை. சாடியின் வாய்க்குள் இறங்கும் தண்டுகளை எண்ணினால் மேலே இருக்கும் பூக்களில் பாதிக்குக்கூடப் போதாது. பின்வரிசைப் பூக்கள் முன்வரிசையின் நிழலில் மங்கவில்லை. எல்லாவற்றின்மேலும் ஒரே வெளிச்சம்.

பனித்துளியைத் தனியாகச் சொல்ல வேண்டும். இலையின்மேல் நிற்கும் உண்மையான நீர்த்துளியில், ஒளி வரும் பக்கத்தில் ஒரு சிறு வெண்புள்ளி மின்னும். துளிக்குள் புகுந்த ஒளி எதிர்ப்பக்கத்து உள்விளிம்பில் சேர்ந்து அந்தப் பகுதியைப் பிரகாசமாக்கும். அதையும் தாண்டி இலையின்மேல் துளியின் நிழல் மெல்லிய பிறைபோல விழும். பதினேழாம் நூற்றாண்டு ஹாலந்து ஓவியர்கள் இந்த மூன்றையும் ஒரு கடுகளவு இடத்தில் வரைந்தார்கள். ஹாரோப் படத்தின் துளிகள் வெறும் வெள்ளைப் புள்ளிகள். சிலவற்றில் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்தும் சிலவற்றில் வலப்பக்கத்திலிருந்தும் வந்தது. பூவைப் பார்த்து வரைந்தவரா, பூ ஓவியத்தைப் பார்த்து வரைந்தவரா என்ற கேள்விக்கு இதற்குமேல் விடை தேட வேண்டியதில்லை.

அவர் பார்த்த ஓவியம் எந்த மரபைச் சேர்ந்தது என்பதும் தெளிவு. கரும்பின்னணி, பளிங்கு மேடை, முட்டைகளோடு கூடிய கூடு எல்லாம் ஆம்ஸ்டர்டாமில் 1682 முதல் 1749 வரை வாழ்ந்த யான் வான் ஹைசம் புகழ்பெறச் செய்த அமைப்பை நினைவூட்டுகின்றன. லண்டன் நேஷனல் கேலரியில் அவரது 'சுடுமண் சாடியில் பூக்கள்' என்ற ஓவியம் இருக்கிறது, கட்டணமின்றிப் பார்க்கலாம். அதில் 1736, 1737 என இரண்டு ஆண்டுகள் எழுதப்பட்டுள்ளன, ஏனென்றால் வசந்தத்தில் பூப்பதும் கோடையின் முடிவில் பூப்பதும் ஒரே சாடியில் இருக்க வேண்டுமென்றால், உயிருள்ள பூவைப் பார்த்தே வரைவேன் என்று இருப்பவர் அடுத்த பருவம்வரை காத்திருக்கத்தான் வேண்டும். மஞ்சள் ரோஜா ஒன்று கிடைக்காததால் படத்தை முடிக்க முடியவில்லை என்று அவர் 1742இல் தன் வாடிக்கையாளருக்கு எழுதிய கடிதம் கலை வரலாற்றில் பிரபலமானது. அவருக்கு ஒரு நூற்றாண்டு முந்தைய ஓவியர் யான் பிரூகல், ஆன்ட்வெர்ப்பில் கிடைக்காத பூக்களைப் பார்த்து வரைவதற்காகப் பிரஸ்ஸல்ஸுக்குப் போனதாக 1606இல் எழுதியிருக்கிறார். அதே மரபின் பூ ஓவியர் ரேச்சல் ரைஷ் உடற்கூறியலும் தாவரவியலும் அறிந்த தந்தையின் வீட்டில் வளர்ந்தவர். 1708இல் டுசெல்டார்ஃப் அரசவையின் ஓவியராக நியமிக்கப்பட்ட அவர் வரைந்த பூச்சிகளையும் இலைகளையும் இனம் பிரித்துச் சொல்ல முடியும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டும். வெவ்வேறு பருவத்துப் பூக்கள் ஒரே சாடியில் இருந்தால் அந்த ஓவியம் போலி என்று இணையத்தில் சிலர் எழுதுகிறார்கள். உண்மை நேர்மாறானது, பழைய ஓவியர்கள் பலர் பூக்களைத் தனித்தனியாக வரைந்து வைத்த மாதிரிப் படங்களைச் சேர்த்துத்தான் இல்லாத பூங்கொத்தை உருவாக்கினார்கள். காலத்தைக் காட்டிக்கொடுப்பது பருவம் அல்ல, பூவின் இனம். டாலியா மெக்சிகோவிலிருந்து மாட்ரிட் தாவரவியல் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது 1789இல். ஆகவே பதினேழாம் நூற்றாண்டுப் படம் என்று சொல்லப்படும் ஒன்றில் டாலியா இருந்தால் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை. பழைய ஹாலந்துப் படங்களின் ரோஜா, ஏராளமான இதழ்கள் முட்டைக்கோசைப் போல நெருங்கிய, கனத்துத் தலைசாய்ந்த ரோஜா. இன்று பூக்கடையில் கிடைக்கும் நீண்டு கூர்ந்த நடுப்பகுதியுடைய ரோஜா பெருவழக்கானது, 1867இல் பிரான்சில் ஹைப்ரிட் டீ என்னும் கலப்பின வகையின் முதல் ரோஜா எனக் கருதப்படும் 'லா பிரான்ஸ்' வந்த பிறகு. ஹாரோப் படத்தின் ஏழு ரோஜாக்களும் காதலர் தினத்து ரோஜாக்கள்.

வெடிப்புகளைப் பற்றியும் கேட்பார்கள். வண்ணம் உலர்ந்து, துணி ஈரத்தில் சுருங்கி விரிந்து உண்டாகும் வெடிப்பு, வண்ணப்படலம் முழுவதையும் ஊடுருவிச் செல்லும். பெரும்பாலும் மூலைகளில் சாய்வாகவும், உள்சட்டத்தின் மரவிளிம்பை ஒட்டி நேர்கோடாகவும் ஓடும். நிறத்துக்கு நிறம் அதன் வடிவம் மாறும். செயற்கை வெடிப்பு வார்னிஷ், அடியில் எந்த நிறம் இருந்தாலும் ஒரே அளவு வலைக்கண்ணாகப் படம் முழுவதும் பரவியிருக்கும். வெடிப்பு வார்னிஷில் மட்டும் இருக்கும், வண்ணத்தில் இராது. பழுப்பு மையைத் தேய்த்து வெடிப்புக்குள் நிரப்பியிருப்பார்கள். நமது படத்தில் அப்படித்தான் இருந்தது. புறஊதா விளக்கில் பார்த்தால் பழைய இயற்கைப் பிசின் வார்னிஷ் பசுமை கலந்து மங்கலாக ஒளிரும், பிற்காலத்துத் திருத்தங்கள் அதன்மேல் கரும்புள்ளிகளாகத் தெரியும். இங்கே எந்த ஒளிர்வும் இல்லை.

நிறப்பொருள் சோதனை செய்யலாமே என்று அக்காவின் மகன் கேட்டார். அறிவியல் படித்த பிள்ளை. சோதனை வலிமையானதுதான்: டைட்டானியம் வெள்ளை ஓவியர்களின் கைக்கு வந்தது முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளிலும் அதற்குப் பிறகும் என்பதால், அது இருந்தால் படம் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. ஜெர்மானிய ஓவியர் காம்பென்டோங்க் 1914இல் வரைந்ததாகச் சொல்லப்பட்டு 2006இல் கொலோன் நகரில் 28 லட்சம் யூரோவுக்கு மேல் ஏலம்போன ஓவியத்தில் அந்த வெள்ளை கண்டுபிடிக்கப்பட்டதில் தொடங்கித்தான் வுல்ஃப்காங் பெல்ட்ராக்கியின் போலி ஓவியத் தொழில் வெளிவந்து, 2011இல் அவருக்கு ஆறு ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. ஆனால் ஆய்வகச் செலவு படத்தின் விலையைப் பல மடங்கு தாண்டும் இடத்தில் சோதனைக்குப் பொருளே இல்லை. ஸ்டேப்பிளும் பருத்தியும் சாயமும் இலவசமாகவே அந்த விடையைத் தந்துவிட்டன. பஞ்சில் சாராயம் நனைத்துத் தேய்த்துப் பார்க்கச் சொல்லும் வீடியோக்களைப் பின்பற்ற வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நல்ல படமாக இருந்துவிட்டால் அந்த ஒரு தேய்ப்பில் அதன் விலையில் பெரும்பகுதி பஞ்சோடு போய்விடும்.

எங்கே வரைந்திருப்பார்கள்? துல்லியமாகச் சொல்ல ஆதாரம் இல்லாவிட்டாலும், இந்தத் தொழிலின் வரலாறு தெரிந்ததே. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுச் சுவருக்கான மலிவான எண்ணெய் ஓவியங்களின் தேவை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெருகியபோது இத்தாலி, ஹாங்காங் போன்ற இடங்களின் பட்டறைகள் அதை நிறைவு செய்தன. 1989இல் ஹுவாங் ஜியாங் என்ற ஹாங்காங் வணிகர், வாடகையும் கூலியும் குறைவாக இருந்த ஷென்சென் நகரின் டாஃபென் கிராமத்துக்கு ஓவியர்களோடு இடம்பெயர்ந்தார்; பின்னர் ஆயிரக்கணக்கான ஓவியர்கள் அங்கே குடியேறினார்கள். ஒருவர் பின்னணி, ஒருவர் இலை, ஒருவர் பூ என்று வேலையைப் பிரித்து, சுவரில் வரிசையாக மாட்டிய கேன்வாஸ்களில் ஒரே பூவைத் தொடர்ந்து இட்டுப் போகும் முறையும் இத்தகைய பட்டறைகளில் இருந்தது. ஏழு ரோஜாவும் ஒன்றாக இருப்பது திறமைக் குறைவால் அல்ல. கூலி பூவுக்கு இல்லை, படத்துக்கு.

இனிக் கையொப்பம். பட்டறைப் படங்களில் இருக்கும் பெயர்கள் பல, வாங்குகிறவரின் காதுக்கு இனிமையாக இருப்பதற்காக ஏற்றுமதி வணிகர்கள் வைத்தவை. ஒரே பெயரில் வெவ்வேறு கைகள் வரைந்திருப்பதையும், ஒரே கை வெவ்வேறு பெயர்களில் வரைந்திருப்பதையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறேன். பெனெசி எனப்படும் பிரெஞ்சு ஓவியர் அகராதியிலும், ஹேக் நகரில் உள்ள ஹாலந்துக் கலை வரலாற்று நிறுவனத்தின் இணையத் தரவுத்தளத்திலும் ஹாரோப் பெயரைத் தேடினேன், கிடைக்கவில்லை. லென்ஸில் பார்த்தபோது கையொப்பத்தின் சிவப்பு, வார்னிஷின் வெடிப்புக்கு அடியில் இருந்தது, அதாவது அது படத்தோடு பிறந்த கையொப்பமே. பிறகு யாரும் ஏமாற்ற எழுதியதல்ல. புகழ்பெற்ற பெயரைப் பிற்காலத்தில் சேர்த்திருந்தால் அதன் வண்ணம் பழைய வெடிப்புக்குள் வழிந்திறங்கியிருக்கும். அப்படிப்பட்ட சந்தேகம் இருக்கும்போது ஏலப் பட்டியலில் 'கையொப்பமிட்டது' என்று எழுதமாட்டோம், 'கையொப்பம் காணப்படுகிறது' என்று மட்டும் எழுதுவோம். ஓவியரின் பெயரைத் தொடர்ந்து 'என்று கருதப்படுவது', 'பட்டறை', 'வட்டம்', 'பின்பற்றியவர்', 'பாணியில்' என்று வரும் சொற்களும் அலங்காரமல்ல. ஒவ்வொரு படியிலும் விலை இறங்குகிறது, 'பாணியில்' என்றால் அந்த ஓவியரின் காலத்துக்கே சம்பந்தமில்லை என்று பொருள்.

அலங்கார ஓவியம் என்பதாலேயே விலை இராது என்றும் நினைத்துவிடக் கூடாது. 1905இல் பிறந்து 1997இல் மறைந்த ஆங்கில ஓவியர் செசில் கென்னடி பெரும்பாலும் பிரபுக்களின் வீட்டுச் சுவர்களுக்கேற்ற பூ ஓவியங்களைத்தான் வரைந்தார்; அவருடைய பல படங்களில் இலையிலோ மேசையிலோ ஒரு பொறிவண்டு ஒளிந்திருக்கும்; அவை இன்றும் ஏலத்தில் ஆயிரக்கணக்கான பவுண்டுக்குப் போகின்றன. அவர் பூவைப் பார்த்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டு வியன்னாவின் பூ ஓவியர்களுக்கும் உறுதியான சந்தை இருக்கிறது. படம் நிஜமாகவே பழையதாகவும் நல்லதாகவும் தோன்றினால் அது யார் யாருடைய கையில் இருந்தது என்ற வரலாற்றையும் தேட வேண்டும். வான் ஹைசமின் 'பூச்சாடி' ஓவியம் 1944இல் ஃபிளாரன்ஸின் பிட்டி அரண்மனைத் தொகுப்பிலிருந்து ஜெர்மானியப் படையினரால் கொண்டுசெல்லப்பட்டு, பல பத்தாண்டுகள் ஒரு குடும்பத்தின் கையில் இருந்து, 2019இல்தான் திரும்பியது. இடையில் அருங்காட்சியகம் அதன் கறுப்பு வெள்ளைப் படத்தை மாட்டி 'திருடப்பட்டது' என்று எழுதி வைத்திருந்தது.

கடைசியாக, எதற்கான விலை? காப்பீட்டுக்கு என்றால், தீயில் எரிந்துபோனால் இதே தரத்தில் இன்னொன்றைக் கடையில் வாங்க ஆகும் செலவு. ஒருவர் இறந்த பிறகு வரிக்கணக்குக்கு என்றால், அவர் இறந்த நாளில் திறந்த சந்தையில் அது என்ன விலை போயிருக்கும் என்பது. விற்பதற்கு என்றால், ஏலத்தில் சுத்தியல் விழும் தொகை. அதிலிருந்து விற்பவரிடம் கழிவு பிடிப்பார்கள், வாங்குபவரிடம் அதற்கு மேல் தனியாக வசூலிப்பார்கள். ஒரே படத்துக்கு இந்த மூன்றும் வெவ்வேறு எண்களாக இருப்பதைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியதில்லை. காப்பீட்டு மதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அதே தொகைக்கு விற்க வருகிறவர்களிடம் பேசுவதுதான் கடினம். இணையத்தில் இதேபோன்ற படத்துக்கு 1,500 பவுண்டு போட்டிருக்கிறார்களே என்று மகன் காட்டினார். அது கேட்கும் விலை. விற்ற விலைகளை மட்டும் வடிகட்டிக் காட்டும் வசதியை அழுத்தியதும் எண்கள் நூறுக்குள் சுருங்கின. கரும்பின்னணிப் படங்களுக்கு இன்றைய வெண்சுவர் வீடுகளில் இடம் குறைந்துவிட்டது என்பதும் ஒரு காரணம். கனத்த பழுப்பு மரச்சாமான்களுக்கு நேர்ந்ததே இவற்றுக்கும் நேர்ந்திருக்கிறது.

அவர்களுக்கு நான் எழுதிக்கொடுத்தது இவ்வளவுதான்: 'ஐரோப்பியப் பாணி, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி, பளிங்கு மேடையில் பூக்களும் பறவைக்கூடும், கேன்வாஸில் எண்ணெய் வண்ணம், கையொப்பமிட்டது, 50க்கு 60 சென்டிமீட்டர், வார்த்த சட்டத்துடன்; ஏல மதிப்பீடு 40 முதல் 60 பவுண்டு; காப்பீட்டுக்கு 200 பவுண்டு.' கழிவு, படமெடுக்கும் கட்டணம், குறைந்தபட்சக் கட்டணம் எல்லாம் போனால் ஏலத்தில் மிஞ்சுவது ஹாரோவிலிருந்து ஏலக்கூடத்துக்குக் கொண்டுவரும் வாகனச் செலவுக்கே போதாது என்பதையும் கீழே சேர்த்திருந்தேன். நல்ல நிலையில் இருக்கும் படம், சுத்தம் செய்யவேண்டிய தேவை இல்லை, நேர் வெயில் படாத சுவரில் மாட்டலாம். கணப்படுப்பு எரியும் வீடென்றால் அதன் மேல் மட்டும் வேண்டாம், புகையும் வெப்பமும் எந்த எண்ணெய் ஓவியத்துக்கும் ஆகாது. அக்கா அதைப் படித்துவிட்டு, சட்டத்தை வெள்ளையாக அடித்து மாடிப்படிச் சுவரில் மாட்டலாமா என்று கேட்டார். தாராளமாக அடிக்கலாம் என்றேன்; அந்தச் சட்டத்தில் வெள்ளைப் பூச்சினால் குறையக்கூடிய மதிப்பு எதுவும் இல்லை.